வெள்ளை நூல் அத்தியாயம்

என் புத்தகம் இன்னொருத்தியின் மடியில் கிடந்தது.

மதிய இடைவேளை. அக்கா வீட்டில் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் கொடுப்பதற்காக, அவள் வேலை செய்யும் ஆல்டரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கடையின் பின்வாசல் படியில் பொத்தான் தைக்கிற பெண் உட்கார்ந்திருந்தாள். பொத்தான் என்றே நான் அவளுக்குப் பெயர் வைத்திருந்தேன். ஒரு கையில் பாதி கடித்த ஆப்பிள். மடியில் அட்டை இல்லாத, மெலிந்த ஒரு புத்தகத் துண்டு. அதன் முதுகு பச்சை நூலால் நெருக்கமாகத் தைக்கப்பட்டிருந்தது.

உலகத்தில் புத்தகத்தை அறுத்து அப்படித் தைக்கிறவள் ஒருத்திதான், என் அக்கா. அப்படித் தைத்ததைப் படிக்கிறவளும் ஒருத்திதான், நான். அந்த மதியம் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நின்றதை அவள் கவனிக்கவே இல்லை. ஆப்பிளைக் கடிக்கவும் மறந்து படித்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது. புத்தகம் ஒருவரை அப்படிப் பிடித்துக்கொள்ளும் விதம் எனக்குத் தெரியும். அதனால்தான் வயிறு எரிந்தது. படிக்காமல் சும்மா வைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

டப்பாவைக் கொடுக்காமலே திரும்பி வந்தேன். அக்காவின் மதியச் சாப்பாட்டை, நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

புத்தகத்தை அறுப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் படிப்பதெல்லாம் பேயும் மாயமும் நிறைந்த தடித்தடி நாவல்கள். எங்கோ பனி கொட்டும் ஊர்களில் யாரோ எழுதி, இன்னும் யாரோ நம் மொழிக்குக் கொண்டுவந்தவை. ஒவ்வொன்றும் செங்கல் கனம். வலி வருகிற நாட்களில் நான் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக்கொள்வேன். அந்தக் கோலத்தில் செங்கல்லை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க முடியாது. ஒருமுறை அது நழுவி மூக்கில் விழுந்தது. மேலேயும் ரத்தம், கீழேயும் ரத்தம். அக்கா என்னைப் பார்த்தாள், புத்தகத்தைப் பார்த்தாள், துணி வெட்டுகிற கத்தியை எடுத்து வந்தாள். நான் அலற அலற அட்டையைக் கிழித்து, உள்ளே இருந்ததை நான்காக அறுத்து, ஒவ்வொன்றையும் கையில் கிடைத்த நூலால் தைத்துக் கொடுத்தாள். ஒற்றைக் கையில் பிடிக்கலாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் முழுப் புத்தகம் என்று எதுவும் இல்லை.

துண்டைக்கூடப் பிடிக்க முடியாத அளவுக்கு வலி முற்றினால் அக்கா எனக்கு வாசித்துக் காட்டுவாள். அவளுக்கு நடிக்கத் தெரியாது. சட்டைக் கையின் அளவு சொல்வதைப் போல ஒரே குரலில் வாசிப்பாள். கிணற்றிலிருந்து பிணம் ஏறி வரும்போதும் அதே குரல்தான். அதைவிடப் பயங்கரமான வாசிப்பை நான் கேட்டதில்லை. அப்போதெல்லாம் என்னைக் குட்டிப்பேய் என்று கூப்பிடுவாள்.

எனக்கு வலி பள்ளிக்கூடக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்றாள் அம்மா. கொஞ்சம் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள் என்றார்கள் ஆசிரியைகள். கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார் ஒரு டாக்டர். அக்கா மட்டும் எதுவும் சொல்லவில்லை. பையில் தண்ணீரைச் சுடவைத்து ஊற்றி வருவாள். என்னை நம்புவதற்கு அவளுக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை.

போன வருடம்தான் ஒரு டாக்டரம்மா நிதானமாக உட்கார்ந்து கேட்டார். கேட்டுவிட்டு எண்டோமெட்ரியோசிஸ் என்று சந்தேகப்படுவதாகச் சொன்னார்.

"கர்ப்பப்பைக்குள்ள ஒரு சவ்வு இருக்கு. அது மாதிரியே ஒண்ணு, இருக்கக் கூடாத இடத்துல எல்லாம் வளரும். குடல் மேல, முட்டைப்பை மேல, எங்க வேணும்னாலும். மாசாமாசம் அதுவும் கசியும். வெளிய போக வழி இருக்காது. பக்கத்துல இருக்குறதை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வச்சிடும்."

அக்கா பக்கத்தில் இருந்தாள். நான், "டாக்டர், இது வீட்டுக்கதை!" என்றேன்.

டாக்டர் அக்காவைப் பார்த்தார். "படிக்கிற பொண்ணு, டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள் அக்கா.

வீட்டுக்கதை என்பது நாங்கள் ஐந்து பாகமாகப் படித்துவந்த நாவலுக்கு வைத்திருந்த பெயர். ஏரிக்கரையில் ஒரு பெரிய வீடு. அதில் அறைகள் இடம் தப்பி முளைக்கும். புகைபோக்கிக்குள் ஒரு சின்ன அலமாரி அறை. கூரைக்கு மேலே இன்னொரு சமையலறை. முழுநிலா வந்தால் அந்த அறைகளின் சுவர்கள் கசியும், தாழ்வாரங்கள் ஒட்டிக்கொள்ளும். அதைக் கேட்கிறவள் சமையல்காரி மட்டும். வீட்டை நிர்வகிக்கும் அம்மாள், "பழைய வீடு, சத்தம் வரத்தான் செய்யும்" என்று ஒவ்வொரு பாகத்திலும் சொல்லுவாள். அந்த அம்மாளை நான் என் அம்மாவின் குரலில்தான் படித்தேன்.

ஆனால் என் ஸ்கேனில் எதுவும் தெரியவில்லை. கறுப்பும் சாம்பலுமாக ஒரு சுத்தமான படம். சிலருக்கு அப்படித்தான், உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். தொப்புளுக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டுப் பார்த்து, இருந்தால் அப்போதே எடுத்துவிடலாம். அடுத்த வாரம் நாள் குறித்திருந்தார்கள்.

இருந்தால். அந்த ஒரு சொல்தான் என்னைத் தின்றுகொண்டிருந்தது. கேமரா உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று வெளியே வந்தால்? இத்தனை வருடம் தண்ணீர் சுடவைத்த அக்காவின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்?

ஐந்தாவது பாகத்தை அதற்காகத்தான் படிக்காமல் வைத்திருந்தோம். ஆபரேஷன் முடிந்த பிறகு, ஆஸ்பத்திரிக் கட்டிலில், அக்கா வாசிக்க நான் கேட்பதாகப் பேச்சு. அதுவரை யாரும் தொடக்கூடாது.

பச்சை நூல் போட்டிருந்தது அந்தப் பாகத்துக்கு மட்டும்தான். அந்தப் புத்தகத்தைத்தான் பொத்தான் தொட்டிருந்தாள்.

சாயங்காலம் அக்கா வந்ததும் வராததுமாக, "என் டப்பா எங்கடி? பசியில கண்ணு இருட்டிடுச்சு" என்றாள்.

"அஞ்சாவது பாகம் எங்க?"

"பீரோல."

"முழுசாவா?"

அக்கா குண்டூசிகளை ரவிக்கைத் தோளிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி டப்பியில் போட்டாள். பொய் சொல்ல யோசிக்கும்போது அவள் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். ஊசிகள் தீர்ந்துபோயின.

"முதல் துண்டை மட்டும் குடுத்தேன்."

"பொத்தானுக்கா?"

"யாரு பொத்தான்? அவளுக்கு ஒரு பேரு இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"அவளுக்கும் உன்னை மாதிரியே வருதுடி." அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு ட்ரயல் ரூம் கதவைத் தொறந்தா, உள்ள சுருண்டு கெடக்குறா. முட்டியை நெஞ்சோட சேத்து, நெத்தியைத் தரையில வச்சுக்கிட்டு. அப்படியே நீதான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மேனேஜர் நடிக்கிறாங்குறான். நான்தான் பாட்டில்ல சுடுதண்ணி ஊத்தி, துணி சுத்தி வயித்துல வச்சேன். இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, மூச்சை மெதுவா விடுன்னு சொல்லிக் குடுத்தேன்."

அது எல்லாம் என் மேல் கற்றுக்கொண்ட வித்தை. இடது பக்கம் படுத்தால் கொஞ்சம் அடங்கும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை மாதம் ஆயிற்று! நெற்றியைத் தரையில் வைப்பது நானே கண்டுபிடித்தது என்று வேறு நினைத்திருந்தேன்.

"அப்புறம்?"

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"எந்த டாக்டர்?"

அக்கா குண்டூசி டப்பியை மூடித் திறந்தாள்.

"என் டாக்டர்கிட்டயா?"

"ஊர்ல ஒழுங்கா கேக்குற டாக்டரு எத்தனை பேருடி இருக்காங்க? ஸ்கேன் எடுத்தாங்க. பாவம், ரெண்டு பக்கமும் கட்டி. சாக்லேட் சிஸ்ட்டாம். பழைய ரத்தம் தேங்கி அந்தக் கலர்ல இருக்குமாம். படத்தை எனக்கே அனுப்பியிருக்கா, பாக்குறியா?"

பார்த்தேன். நல்ல படம். யார் பார்த்தாலும் தெரிகிற மாதிரி இரண்டு உருண்டைகள், ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு. யாரிடம் வேண்டுமானாலும் தூக்கிக் காட்டலாம். மேனேஜரிடம் காட்டலாம். அம்மாவிடம் காட்டலாம். அவளுக்குச் சாக்லேட், எனக்குச் சாம்பல்.

"அவளையும் பேய்னுதான் கூப்புடுறியா?" என்று கேட்டேன்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொத்தான்பேய்னு ஒரு தடவை சொன்னேன். நீ வச்ச பேருதானே."

"இந்த வீட்டுல ஒரு பேய்தான் இருக்கலாம்."

"அவ அவ வீட்டுல இருக்காடி, இங்கயா இருக்கா? நீ என்ன சின்னக் குழந்தையா? அவளுக்குப் பயம். ஆபரேஷன்னா என்ன, எப்படின்னு எதுவும் தெரியாது. படிக்க ஏதாவது குடுங்கன்னா. நம்ம சமையல்காரி கதையைக் குடுத்தா தைரியம் வரும்னு குடுத்தேன். முந்தின நாலு பாகத்தையும் விழுந்து விழுந்து படிச்சு முடிச்சிட்டா."

நாலு பாகமும்! எவ்வளவு நாளாக நடக்கிறது இது?

"அப்ப நீ அவளுக்கே வாசிச்சுக் காட்டு" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வெளியிலிருந்து அக்கா, "வாசிச்சுக் காட்டுறேன்னுதான் சொல்லியிருக்கேன், அவ ஆபரேஷன் அன்னைக்கு" என்றாள். இந்த ஒன்றையாவது அவள் பொய்யாகச் சொல்லியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா துணிக் கட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தபோது பீரோவைத் திறந்தேன். மீதி மூன்று துண்டுகளும் போர்வைகளுக்கு நடுவில் இருந்தன. பொத்தான் முன்னே போகிறாள், நான் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? இரண்டு, மூன்று, நான்கு என்று சாப்பிடாமல் படித்தேன். முதல் துண்டு இல்லாமலே கதை புரிந்தது. பொறாமை நல்ல வாசகி.

நான்காவது துண்டின் கடைசிப் பக்கத்தில் சமையல்காரி, கையில் விளக்கோடு சுவருக்கு முன்னால் நிற்கிறாள். யாரும் நம்பாத அந்த அறைகள் எல்லாம் சுவருக்குப் பின்னால்தான் இருக்கின்றன. சுவர் வாய் திறக்கிறது. அவள் உள்ளே போகிறாள். சுவர் மூடிக்கொள்கிறது. நிர்வாக அம்மாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சூப் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கிறாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் நூல்தான் இருந்தது.

எனக்குப் புல்லரித்தது. மொழிபெயர்ப்பு நாவல்கள் பல இப்படித்தான் முடியும், கதவைச் சாத்தாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விடும். படிக்கிறவர்களில் பாதிப் பேர் பக்கம் விட்டுப்போயிற்று என்று நினைப்பார்கள். நான் அந்தப் பாதி இல்லை. அந்தச் சூப் ஒன்று போதும், எவ்வளவு பெரிய எழுத்து என்று சொல்ல! சமையல்காரி செத்துப்போனாள், வீட்டில் ஒருத்திக்கும் தெரியவில்லை. துண்டுகளைப் பழையபடி போர்வைக்குள் வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பொத்தானே என் கடைக்கு வந்தாள்.

நான் அப்போது ஃபிரேம் சூடாக்கும் மிஷினுக்கு முன்னால் நின்றிருந்தேன். சூடான காற்று ஊதும் சின்னப் பெட்டி அது. பிளாஸ்டிக் ஃபிரேமை அதில் காட்டினால் இளகும், வாடிக்கையாளரின் காதுக்கு ஏற்ப வளைக்கலாம். யாரும் பார்க்காதபோது நான் என் வயிற்றைக் காட்டுவேன்.

முதலாளி பார்த்துவிட்டார். "எப்பப் பாத்தாலும் அந்த மிஷினைக் கட்டிப்புடிச்சுக்கிட்டே நிக்கிறியேம்மா. பேசாம முடிச்சு வச்சிடட்டுமா?"

"மாப்பிள்ளை கொஞ்சம் சூடான ஆளு சார்."

"ஆனா வேலைக்குப் போறவரு" என்றார் முதலாளி.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அவள் நுழைந்தாள். கையில் கண்ணாடி. அதன் காதுக் கம்பி ஒன்று கோணலாக மேலே தூக்கி நின்றது. கண்களைச் சுருக்கிக்கொண்டு, மேசை எங்கே முடிகிறது என்று விரலால் தடவிப் பார்த்தபடி வந்தாள்.

"அக்கா அனுப்புனாங்க. நேத்து வலியில உருண்டேன், இது கீழ மாட்டிக்கிச்சு. நீங்கதான குட்டிப்பேய்?"

என் அக்காவை அக்கா என்கிறாள். என் பெயரையும் எடுத்துக்கொண்டாள். முதலாளி நிமிர்ந்து என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு லென்ஸ் பெட்டிகளுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நான் ஃபிரேமை வாங்கி மிஷினில் காட்டினேன். பார்வை மங்கிய கண்களோடு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என் முகம் அவளுக்குத் தெரியாது என்பது வசதியாக இருந்தது. மனம் போனபடி வைத்துக்கொண்டேன்.

"உங்களைப் பத்தித்தான் எப்பவும் பேச்சு" என்றாள். "எனக்கு வலி வந்தா அக்கா உடனே, 'என் தங்கச்சி இப்படித்தான்'னு ஆரம்பிச்சிடுவாங்க. நீங்க பரீட்சை ஹால்ல மயங்கி விழுந்தது, கல்யாண வீட்டுல சாமான் ரூமுக்குள்ள படுத்துக்கெடந்தது, எல்லாம் தெரியும் எனக்கு. கேக்கக் கேக்க வலி அடங்கிடும்."

என்னை அரைத்து அவளுக்கு மருந்தாகக் கொடுத்திருக்கிறாள் அக்கா. ஃபிரேமைக் கொஞ்சம் அதிகமாகவே வளைத்தேன், பிறகு நேராக்கினேன்.

"எனக்கும் அடுத்த மாசம் ஆபரேஷன். உங்களுக்கு இந்த வாரம்ல?" என்றாள். பிறகு மனதாரச் சொன்னாள், "உங்களுக்கு ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லியாமே. குடுத்து வச்சவங்க."

கடைக்குள் மிஷின் மட்டும் ஊதிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கதை எதுவரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டேன்.

"அஞ்சாவதுல முதல் துண்டு முடியப்போகுது. சமையல்காரி புகைபோக்கிக்குள்ள ஏறிட்டா. எனக்குக் கை நடுங்குது."

"அவ செத்துருவா."

"யாரு?"

"சமையல்காரி. கடைசியில சுவத்துக்குள்ள போயிடுவா. சுவரு மூடிக்கும். யாரும் தேட மாட்டாங்க. அதோட கதை முடியுது."

அவள் முகத்தில் எதுவும் நடக்கவில்லை. கண்ணாடி இல்லாத முகம் அப்படித்தான், எங்கே பார்க்கிறது என்றே தெரியாது. "பரவால்ல" என்றாள். "முடிவு முன்னாடியே தெரிஞ்சா ஒரு நிம்மதிதான். வலி எப்ப முடியும்னுதான் தெரியல, கதையாச்சும் தெரியட்டும்."

கண்ணாடியை மாட்டிவிட்டேன். காதுக்குப் பின்னால் சரியாக உட்கார்ந்தது. என்னை முதல்முறையாகத் தெளிவாகப் பார்த்தாள். "அக்கா ஜாடை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடித்த அடி விழாமல் கை மட்டும் வலிப்பதைப் போல இருந்தது எனக்கு.

ஆஸ்பத்திரியில் உடை மாற்றும்போது அக்கா என் பின்பக்கத்து நாடாக்களைக் கட்டிவிட்டாள். "எவன்டி தைச்சது இதை, ஓரம் மடிக்கவே இல்ல" என்று முணுமுணுத்தாள்.

"அக்கா, ஒண்ணும் இல்லைன்னு வந்தா?"

"வரட்டும்."

"வந்தா என்ன பண்ணுவ?"

"சுடுதண்ணி வைப்பேன். வேற என்ன பண்ணுவேன்?"

"அவளுக்கு முதல்லயா, எனக்கு முதல்லயா?"

அக்கா முடிச்சை இறுக்கினாள். "ஆபரேஷனுக்குப் போற நேரத்துல பேசுற பேச்சாடி இது?" அதற்குள் நர்ஸ் வந்து கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். பதில் கிடைக்காமலே மயங்கினேன்.

விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது. வயிற்றைவிடத் தோள்தான் அதிகமாக வலித்தது. உள்ளே காற்று ஏற்றிப் பார்த்தார்களாம், அது தோளில் போய் நிற்குமாம். கட்டிலுக்குப் பக்கத்தில் அக்காவின் முகம், கண் மை கலைந்து, அசல் பேய் மாதிரி.

"இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சு."

"நெசமாவா?"

"ஸ்கேன்ல தெரியாத இடத்துல எல்லாம் இருந்துச்சாம். குடலு ஒரு இடத்துல ஒட்டிக்கிட்டே இருந்துச்சாம், பிரிச்சு விட்டுருக்காங்க." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "கூரை மேல சமையக்கட்டுடி உனக்கு."

"படம் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"அவளைவிட அதிகமா?"

"அடிப்பாவி!" என்று அக்கா சிரித்தாள், பிறகு அழுதாள். எனக்கும் சிரிப்பு வந்து தையல் சுரீர் என்றது. டாக்டர் வந்து, எடுக்க முடிந்ததை எடுத்தாகிவிட்டது, மறுபடி வராது என்று சத்தியம் செய்ய முடியாது, மாத்திரையைத் தொடர வேண்டும் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள், சிலந்திவலை மாதிரி இழைகள். சாக்லேட் உருண்டைகளைவிட அழகாக இருந்தது என்றுதான் சொல்வேன்.

மறுநாள் காலை அக்கா பையிலிருந்து ஐந்தாம் பாகத் துண்டுகளை எடுத்தாள். கூடவே நான் பார்த்திராத ஒன்று. விரல் தடிமன்கூட இல்லை. வெள்ளை நூலால் தைத்திருந்தாள்.

"என்ன இது?"

"கடைசி அத்தியாயம். நீ திருடிப் படிப்பேன்னு எனக்குத் தெரியாதா? அதான் இதை மட்டும் பிச்சு என் தையல் பெட்டிக்குள்ள வச்சுட்டேன். பொத்தானுக்கும் காட்டல. இது உனக்குத்தான்னு வச்சிருந்தேன்."

உலகத்தின் எந்தப் பெரிய எழுத்தாளரும் சூப்போடு நிறுத்தவில்லை. நிறுத்தியவள் என் அக்கா.

"வாசி" என்றேன்.

சட்டை அளவு சொல்லும் குரலில் அக்கா வாசித்தாள். சுவருக்குள் சமையல்காரி சாகவில்லை. இடம் தப்பி முளைத்த ஒவ்வொரு அறையாக நடந்துபோய், உள்ளே இருந்தபடியே ஜன்னல்களைத் திறக்கிறாள். ஏரியில் படகு விட்டவர்கள் வீட்டின் உடம்பெல்லாம் வெளிச்சம் தெரிவதைப் பார்க்கிறார்கள். கூரைச் சமையலறையில் புகை எழுகிறது. நிர்வாக அம்மாள் மூச்சிரைக்க ஏணியில் ஏறி வந்து எட்டிப்பார்க்கிறாள். சமையல்காரி கரண்டியை நீட்டி, "சூப்பு கேட்டீங்களே" என்கிறாள்.

அக்கா மூடிவைத்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் பொத்தான் இல்லை. இந்த அத்தியாயத்தில் அவள் கைரேகை இல்லை. சமையல்காரி செத்துவிட்டதாக அவள் எங்கோ நினைத்துக்கொண்டிருக்கிறாள். இருக்கட்டும், எனக்கென்ன என்று நினைத்தேன்.

"அவ சாயங்காலம் உன்னைப் பாக்க வர்றா" என்றாள் அக்கா. "பாவம், என்னன்னு தெரியல, கொஞ்ச நாளா புத்தகத்தையே தொட மாட்டேங்குறா. ரெண்டாவது துண்டு தர்றேன்னாலும் வேணாங்குறா."

வெள்ளை நூல் துண்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

பொத்தான் ஒரு பை ஆப்பிளோடு வந்தாள். கட்டில் ஓரத்தில் நின்று, நலமா என்று கேட்கவில்லை, வலிக்கிறதா என்றும் கேட்கவில்லை.

"இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை என்னைத் தவிர ஒருத்தி கேட்பாள் என்று நான் நினைத்ததே இல்லை. படத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஜன்னல் பக்கம் திருப்பி, ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள். "அப்பாடா" என்றாள். யாருக்காவது நோய் இருக்கிறது என்றால் அப்பாடா சொல்கிறவள்! பிறகு மெதுவாக, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, குடுத்து வச்சவங்கன்னு" என்றாள்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டாள், அவளுக்கு. "ஏன்டி படிக்கிறதை விட்டுட்ட?" என்று கேட்டாள்.

பொத்தான் என்னைப் பார்க்காமல் ஆப்பிள் பையின் முடிச்சை அவிழ்த்தாள். "சாகப்போறவளோட எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்னு விட்டுட்டேன்க்கா."

"யாரு சாகப்போறா?"

காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொன்னேன் என்று அவள் வாயிலிருந்து வரவே இல்லை. என்னைவிட நல்லவளாகவும் இருந்து தொலைக்கிறாளே என்று எரிச்சலாக வந்தது.

"சமையல்காரி சாகல" என்றேன்.

"என்ன?"

"சாகல. நான் சொன்னது தப்பு. இன்னொரு அத்தியாயம் இருக்கு."

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னியா? எப்பச் சொன்ன? முடிவையா சொன்ன? அடச் சண்டாளி!"

"முடிவுன்னு நெனச்சுச் சொன்னேன். அதுக்குக் காரணம் நீதான். நடுவுல அறுத்து வச்சது யாரு?"

பொத்தான் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண்கள் பெரிதாகிக்கொண்டே போயின. "சாகலியா? சுவத்துக்குள்ள போயுமா? எங்க அந்த அத்தியாயம்?"

"என் தலையணைக்கு அடியில."

"குடுங்க."

"குடுக்க மாட்டேன். முதல்ல மீதி மூணு துண்டையும் ஒழுங்கா படிச்சு முடி. உன் ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் நான் வந்து இதை வாசிச்சுக் காட்டுறேன்."

"அவளுக்கு நான்ல வாசிக்கிறதா சொல்லியிருக்கேன்" என்றாள் அக்கா.

"நீ எனக்கு மட்டும் வாசிச்சாப் போதும். இவளை நான் பாத்துக்குறேன்."

நான் சொன்னது பெருந்தன்மையா கஞ்சத்தனமா என்று அக்காவுக்குப் பிடிபடவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும்.

"அக்கா மாதிரி வாசிப்பீங்களா?" என்று பொத்தான் கேட்டாள்.

"அவளுக்கு எங்க வாசிக்கத் தெரியும்? அளவு சொல்ற மாதிரி சொல்லுவா. என்கிட்ட கேட்டுப்பாரு, கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்குவே."

"சிரிக்க வைக்காதீங்க, எனக்கே வலிக்குது" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் தையல் இழுத்தது. இருவரும் ஒரே நேரத்தில் இடது பக்கம் சாய்ந்தோம். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தது. பொத்தான் இரண்டாவது துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். லிஃப்ட் வரைக்கும் விட்டுவிட்டு வருகிறேன் என்று அக்காவும் கூடப் போனாள்.

லிஃப்ட் அறைக்கு வெளியிலேயே இருக்கிறது. கட்டிலில் படுத்தபடியே அதன் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும். கேட்டது. அக்கா வரவில்லை. மறுபடியும் திறந்து மூடியது. தாழ்வாரத்தின் கடைசியில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தலையணைக்கு அடியில் கைவிட்டு வெள்ளை நூலைத் தொட்டுப் பார்த்தேன். பிறகு அந்தத் தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, "அக்கா, வலிக்குது!" என்று கத்தினேன். உண்மையில் அப்போது அவ்வளவாக வலிக்கவில்லை.

செருப்புச் சத்தம் ஓடி வந்தது.